அழுவாச்சி மாமா

“தூக்கிட்டேன்” என்றார் மாசிலாமணி. “ஆளையும் சேத்துத் தூக்கிட்டேன்.”

“என்ன பண்ணினான்?”

“கமெண்ட்ல ‘தடியன்’னு எழுதியிருந்தான், ஆசான். உருவத்தைக் கேலி பண்ணக் கூடாது. விதி நாலு.”

பூங்கோதை திரும்பிப் பார்க்கவில்லை. காதுகுத்து விழா பேனர் ஒன்றில் தாய்மாமன்களின் தலைகளை ஒரே அளவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். முகநூலில் ‘சிரிப்புச் சந்தை’ குழுவைக் கல்லூரியில் படிக்கும்போது தொடங்கியவள் அவள். இப்போது லட்சம் பேருக்கு மேல். ஆசான் என்பது அங்கே கேலியாக வைத்த பெயர், பழகிவிட்டது. மாசிலாமணி அவளைவிட இருபது வயது மூத்தவர். வேலையை விட்ட பிறகு, குழுவை நடத்தக் கற்றுக்கொள்வதற்காக அவளுடைய பேனர் கடை மாடிக்கு வந்து உட்கார்கிறார்.

“யாரைத் தடியன்னான்?”

“அவனையேதான். ‘தடியன் நான் பஸ்ல ஏறினா’ன்னு ஆரம்பிச்சான்.”

“தன்னையே சொல்லிக்கிட்டவனையா தூக்கினீங்க?”

“விதின்னா விதிதானே. ஒருத்தனை விட்டா எல்லாரும் கேப்பாங்க.” அவர் குரல் ஏறியது. “போன வாரம் கண்டிப்பு பத்தலைன்னு திட்டினீங்க. இந்த வாரம் ஜாஸ்திங்கறீங்க. எவ்வளவுதான் கண்டிப்பா இருக்கணும்? ஒரேயடியாச் சொல்லிருங்க.”

அவள் வாயைத் திறப்பதற்குள் படியேறி ஒருவர் வந்து நின்றார். காக்கிச் சட்டை. ஐம்பது வயதிருக்கும். மாசிலாமணி அவரைப் பார்த்தார். சிரிப்பு வந்து தன் உதட்டோரம் தானாக அசைந்தது.

“நீயுமா?” என்றார் வந்தவர்.

அதே முகம். பேருந்து நிலையத் தூணோரம், கையில் பாதி கடித்த உளுந்து வடையோடு, வாய் கோணி அழுகிற முகம். யார் எடுத்த படம் என்று யாருக்கும் தெரியாது. சிரிப்புச் சந்தையில் தினமும் யாராவது அதன் மேல் இரண்டு வரி எழுதிப் போடுவார்கள். அழுவாச்சி மாமா என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள்.

“என் பேரு நாச்சிமுத்து. டவுன் பஸ் கண்டக்டர், நேத்து வரைக்கும். டிக்கெட்டை நீட்டினா போனைத் தூக்கறானுங்க. ‘மாமா, ஒருக்கா அழுங்க மாமா’ங்கறானுங்க. நேத்து ஒருத்தனை அறைஞ்சுட்டேன். இனிமே ஷெட்ல வண்டி கழுவுன்னுட்டாரு ஓனரு. படத்தை எடுங்க. எடுத்தாச்சுன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“ஐயா” என்றார் மாசிலாமணி, “உங்க படத்து மேல ஒரு கெட்ட வார்த்தை இருந்தாச் சொல்லுங்க, அடுத்த நிமிஷம் தூக்கறேன். நான் வந்ததுல இருந்து அப்படி ஒண்ணைக்கூட விட்டதில்ல.”

“மூஞ்சி?”

“என்னங்க?”

“வார்த்தையைத் தூக்குவே. மூஞ்சியை?”

மாசிலாமணி விதிகளைத் திறந்தார். சாதி, மதம், உருவம், ஊனம், அம்மா, தங்கை. மேலிருந்து கீழே போனார். கீழிருந்து மேலே வந்தார்.

“எதுலயும் நான் வரல. அதான?”

மாசிலாமணி பேச்சை மாற்றப் பார்த்தார். “அன்னிக்கு எதுக்குங்க அழுதீங்க?”

“அது உனக்கெதுக்கு?”

பூங்கோதை நாற்காலியைத் திருப்பினாள். மாசிலாமணியின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி ஒரு பதிவைத் திறந்தாள். திரை முழுக்க அந்த முகம்.

“இது நீங்க அனுமதிச்சதுதானே? படிங்க, சார்.”

“‘பந்தியில என் இலைக்கு முன்னாடி பாயசம் தீந்தப்போ.’”

“அன்னிக்குப் பாத்துட்டு சிரிச்சீங்களா?”

“சிரிச்சேன்.”

“இப்பச் சிரிங்க. அவர் மூஞ்சியப் பாத்து.”

“ஆசான்...”

“சிரிங்க. எவ்வளவு கண்டிப்புன்னு கேட்டீங்கல்ல?”

“நிறுத்தும்மா.” நாச்சிமுத்துவின் குரலில் கீழே கடையில் நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றது. “பஸ்ல அவனுங்க ஒரு தினுசுன்னா நீ ஒரு தினுசு. இந்தாளுக்குப் பாடம் நடத்த என் மூஞ்சிதான் கெடச்சுதா?”

அவள் காதுமடல் சிவந்தது. எதற்கும் பதில் வைத்திருப்பவள் என்று குழுவில் பேர் எடுத்தவள். இப்போது பஸ் முதலாளியின் எண்ணை அவரிடம் கேட்டு வாங்கினாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

“உங்க சந்தையில எடுத்துருவீங்க” என்றார் முதலாளி. “மத்த எடத்துல கெடக்கறதை யாரு எடுப்பாங்க?”

“தெரியலங்க. ஆனா இங்கதான் தினமும் வந்துச்சு.”

“எடுங்க முதல்ல. பாக்கலாம்.” வைத்துவிட்டார்.

குழுவின் தேடல் பெட்டியில் அழுவாச்சி மாமா என்று தட்டினாள். பதிவுகள் இறங்கிக்கொண்டே போயின.

“மொத்தமா எடுக்க வழியில்லங்க. ஒவ்வொண்ணாத்தான்.”

“எடு. நான் இங்கயே நிக்கிறேன்.”

ஒன்று போனது. அடுத்தது போனது.

“தனி ஆள் படம் போடக் கூடாதுன்னு புதுசா ஒரு விதி சேத்துரட்டுங்களா?” என்றார் மாசிலாமணி. இருவரும் அவரைப் பார்க்கவில்லை.

“நில்லு” என்றார் நாச்சிமுத்து.

அவள் விரல் நின்றது. அவர் குனிந்து திரையில் இருந்ததை உதடு அசைய வாசித்தார். ‘உளுந்து விலை ஏறிப்போச்சாம். ஓட்டையைப் பெருசாக்கிட்டான்.’ இன்னொரு தடவை வாசித்தார்.

“யாரு எழுதினது?”

“தெரியலங்க. பேரை மறைச்சுப் போட்டிருக்கான்.”

“நல்லாத்தான் எழுதியிருக்கான்.”

அவள் காத்திருந்தாள்.

“எடு” என்றார்.

எடுத்தாள். மாசிலாமணி எழுந்து, தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் நாச்சிமுத்துவுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தார்.