அன்றைக்கே சொன்ன நிபுணர்

முன்னாள் முதல்வர் எதிர்க்கட்சிக்குத் தாவிய அன்று சாயங்காலம், டிவி விவாதத்துக்கு வந்த அரசியல் நிபுணர் ஞானசிகாமணி, சேனலின் பழைய நிகழ்ச்சிப் பதிவுகளைப் பராமரிக்கும் பரிமளாவை அதட்டினார்.

"அவர் தாவுவார்னு நான் அன்னிக்கே சொன்னேம்மா. அந்தக் கிளிப்பைத் தேடி நேரலையில போடணும். இல்லேன்னா உனக்கு வேலை இருக்காது."

பரிமளா மூன்று வருடப் பதிவையும் குடைந்தாள். "அவர் கட்சி மாறினா நான் மீசையை எடுத்துடறேன்" என்று ஐயா மேசையைத் தட்டியதுதான் நாற்பது இடத்தில் கிடைத்தது.

நேரலையில் நிபுணர் நெஞ்சை நிமிர்த்தி, "அந்தக் கிளிப்பைப் போடும்மா" என்றார். திரையில் ஓடிய பழைய கிளிப்பில் அவர் பத்து விநாடி தண்ணீர் மட்டும் குடித்தார்.

"என்னம்மா இது?"

ஒலிபெருக்கியில் பரிமளா பணிவாகச் சொன்னாள்: "அவரைப் பத்தி நீங்க தப்பாச் சொல்லாத இடம் இது ஒண்ணுதான் சார்."

மறுநாள் ஞானசிகாமணி, மீசையோடு வேறு சேனலுக்குத் தாவிவிட்டார்.