அப்பா பாதியில் நிறுத்திய கதை

ஒர்னெல்லா இத்தாலியில் பேர்போன நாவலாசிரியை. வயது நாற்பத்து நாலு. அவரிடம் எழுதக் கற்றுக்கொள்ள வந்த துல்லியோ, ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். குருவைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய ‘மயெஸ்த்ரா’, அதாவது குருவே, என்றுதான் அழைப்பார். ஒர்னெல்லாவுக்கு அதில் கூச்சம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், மனிதர் கேட்கவில்லை.

துல்லியோவின் முதல் நாவலைத் துரின் நகரத்துப் பதிப்பகம் ஒன்று ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. அவரோ பேனாவைத் தொடாமல் குருவைத் தேடி வந்தார்.

“மயெஸ்த்ரா, நாவல் முழுக்க என் அண்ணன் கதைதான். டாக்டருக்குப் படிச்சு முடிச்சதா வீட்டையே நம்ப வெச்சான். பட்டம் வாங்கினவங்க தலையில வெச்சுக்கிற லாரல் இலை வளையத்தைக் கடையில வாங்கி மாட்டிக்கிட்டு வந்து நின்னான். அம்மா ஊரைக் கூட்டி விருந்து போட்டாங்க. அவன் கடைசி மூணு வருஷம் ஒரு பரீட்சைகூட எழுதல.”

“இது யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கு மட்டும்தான். அவனே ஒரு நாள் அழுதுக்கிட்டே சொன்னான். நாவல்ல பேரை மாத்திட்டேன். ஆனா படிச்சா அவனுக்குத் தெரிஞ்சுடும். வெளியிடலாமா?”

ஒர்னெல்லா எழுந்தார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“வாங்க, எங்க ஊருக்குப் போயிட்டு வருவோம்.”

அந்த ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அதைப் பற்றி எழுதி ஒருத்தர் பட்டது போதும். ஒர்னெல்லாவின் முதல் நாவல் அவருடைய அப்பாவைப் பற்றியது. சர்க்கரை ஆலையில் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர் மட்டும் பின்வாசல் வழியாகத் திருட்டுத்தனமாக வேலைக்குப் போய்வந்தார். அதைத்தான் மகள் எழுதினார். புத்தகம் பெரிய பரிசு வாங்கியது. பல மொழிகளுக்குப் போனது. ஊரும் வாசித்தது.

காப்பிக்கடையை நெருங்கும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே ஒர்னெல்லாவின் அப்பா மூன்று கூட்டாளிகளோடு சீட்டாடிக்கொண்டே ஏதோ கதை அளந்துகொண்டிருந்தார். ஒருவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

மகளைப் பார்த்ததும் அப்பா எழுந்தார். இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். துல்லியோவுக்கும் சேர்த்துக் காப்பி சொன்னார்.

“ரயில்ல கூட்டமாம்மா?”

“இல்லப்பா. என்ன கதை சொல்லிட்டிருந்தீங்க?”

“அதுவா? ஒண்ணுமில்ல. இந்த வருஷம் மூடுபனி ரொம்ப ஜாஸ்தி.”

“ஆமா, ஜாஸ்திதான்,” என்றார் கண்ணைத் துடைத்தவர், சீட்டைப் பார்த்தபடி.

காப்பி தீரும்வரை எல்லோரும் பனியைப் பற்றியே பேசினார்கள். அன்பாகத்தான் பேசினார்கள். ஒர்னெல்லா விடைபெற்று வெளியே வந்தார். கதவு சாத்தியதும் உள்ளே அப்பாவின் குரல் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மறுபடி சிரிப்பு. ஒர்னெல்லா தெருவில் நின்று காதைத் தீட்டிக் கேட்டார். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

துல்லியோவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஸ்டேஷன் வரும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

“அப்பாவுக்கு இன்னும் கோபம் போகலையா?”

“அந்த வருஷமே மன்னிச்சுட்டார்.”

“ஊர்க்காரங்க?”

“அவரையும் மன்னிச்சாங்க, என்னையும் மன்னிச்சாங்க. பார்த்தீங்களே.”

“அந்தப் புத்தகத்தை எழுதியிருக்கக் கூடாதுன்னு நினைக்கிறீங்களா?”

“இல்ல. நல்ல புத்தகம் அது. இன்னொரு தடவை கேட்டாலும் எழுதுவேன்.”

“அப்ப நானும் கையெழுத்துப் போடலாமா, மயெஸ்த்ரா?”

“தாராளமா போடுங்க. அதுக்கு முன்னால அண்ணன் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் தங்குங்க. அவர் பேசுறதையெல்லாம் இப்பவே கேட்டுக்குங்க.”