நிற்காமல் ஓடிய பந்தி

முன்னொரு காலத்தில் நெடுவயல் நாட்டைக் கேதுவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் ஓர் ஆசை தலைக்கேறிவிட்டால் குறுக்கே நிற்பவன் தலை தப்பாது. அவனுக்கு வந்த புது ஆசை, புயல்தேர்.

கோட்டையிலிருந்து சங்குமுனைப் பட்டினம் வரைக்கும் கல் பதித்த தனிப் பாதை. அதன்மேல் எட்டுக் குதிரை பூட்டிய தேர் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்கும். காலையில் கோட்டையில் பல் விளக்கினவன் உச்சி வேளைக்குக் கடலில் கால் நனைப்பான். யோசனை சொன்னவர் மூத்த அமைச்சர் பூபாலராயர். பட்டினத்துப் பெருவணிகரான அவருடைய சம்பந்திக்கு இதில் என்ன ஆதாயம் என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். கேட்கத்தான் ஆள் இல்லை.

"செலவுக்கு?" என்றான் ராஜா.

"வழியில் இருக்கிற ஊர்கள் கொடுக்கட்டும், பிரபு. படகுத்துறைக்கும் வண்டிப்பாதைக்கும் வருஷா வருஷம் கொட்டுகிறோமே, அதையும் இதில் திருப்பிவிட்டால் போயிற்று."

படகுத்துறைக் கண்காணிப்பாளர் மாசிலாமணி எழுந்தார். "மகாராஜா, ஓடமெல்லாம் ஒழுகுது. போன மழையில சந்தைக்குக் கிளம்பின ஜனங்க ஆத்தோட போயிட்டாங்க. அதைச் சரி பண்ணிட்டு அப்புறம் பறக்கலாமே?"

அவ்வளவுதான் அவர் கேட்டது.

"பிரபுவின் கனவில் மண்ணள்ளிப் போடுகிறான்!" என்று கத்தினார் ராயர்.

ராஜாவின் முகம் சிவந்தது. "தேரின் வேகத்தைப் பழித்து எவன் வாய் திறந்தாலும், பாதையின் முதல் கல்லுக்கு அடியில் அவனைப் புதையுங்கள்! முதலில் இவன். திருவிழா முடிந்ததும் கல் நாட்டலாம்."

அமைச்சர் உமையாள் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்தாள். சபையில் வயதில் சிறியவள். வாதாடக் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. அன்றைக்கோ ஒரே கேள்விதான் வந்தது, அதுவும் முனகலாக. "தேர் நடுவில் எங்கெங்கே நிற்கும், ராயரே?"

"நின்றால் வேகம் என்னத்துக்கு ஆகும்? ஏறுகிற இடம் ஒன்று, இறங்குகிற இடம் ஒன்று. நடுவில் இருப்பதெல்லாம் வெறும் வழி." ராயர் அவள் பக்கம் சாய்ந்தார். "இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா, அம்மணி? குழியை அகலமாகவே வெட்டச் சொல்கிறேன்."

'வரி கட்டுகிறவன் வெறும் வழியா?' என்று தொண்டைவரை வந்ததை அவள் விழுங்கினாள். அவளைக் கோழை என்பவர்கள் அந்தக் குழியின் விளிம்பில் ஒருதரம் நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தேர்த்திருவிழாவில் சாமி தேர் நிலைக்கு வரும்வரை ராஜா பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. பிறகு ஊர்ப் பந்தியில் குடிகளோடு நடு இலையில் உட்கார வேண்டும். இரண்டு கோடியிலும் விழாவை எடுத்து நடத்தியவர்கள் உட்காருவார்கள். அந்த வருஷம் முதல் இலையில் சம்பந்தி, கடைசி இலையில் ராயர். பந்தி விசாரிக்கும் பொறுப்பு உமையாளுக்கு.

அவள் பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டாள். "முதல் இலையில் வைத்ததும் ஓடுங்கள். கடைசி இலைவரை எங்கேயும் நிற்கக் கூடாது."

"அம்மா, நடுவுல ராஜா இலை இருக்கே!"

"அதையும் தாண்டித்தான்."

"எங்க தலை?"

"உத்தரவு என்னுடையது என்று சொல்லிவிடுங்கள்." சொன்ன குரல் அவளுக்கே கேட்கவில்லை. தவறினால் மாசிலாமணி மட்டுமல்ல, அவளும் அந்தக் குழியில்தான்.

பந்தி தொடங்கியது. சோறு ஓடியது. குழம்பு ஓடியது, மணம் மட்டும் ராஜாவின் மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது. ஏதோ தவறு என்று பொறுத்தான். வடையும் ஓடியது. பாயசம் ஓடியபோது அவன் இலையில் தெளித்த தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. உமையாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லுங்களடா!" என்று ராஜா கர்ஜித்தான். "என் களஞ்சியத்து அரிசி, என் இலை காலியா? இந்த வேகம் நாசமாய்ப் போக! நிற்காத வேகம் யாருக்கடா வேண்டும்?"

கடைசி இலையில் ராயர் வாய் நிறைய வடையோடு இருந்தார். மேளச் சத்தத்தில் குரல் யாருடையது என்று அவருக்குப் பிடிபடவில்லை; எவனோ வேகத்தைத் திட்டுகிறான் என்பது மட்டும் கேட்டது. "பிடியுங்கள் அவனை!" என்று துள்ளி எழுந்தார். "குழி தயார்! ஆணை என்றால் ஆணைதான்!"

மேளம் நின்றது. காவலர்கள் ஈட்டியோடு விழித்தார்கள். ராயர் அப்போதுதான் நடு இலையைப் பார்த்தார். வாயில் இருந்தது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"இது யார் வேலை?" ராஜாவின் குரல் தாழ்ந்திருந்தது. அதுதான் பயங்கரம்.

"என்னுடையது, அரசே." உமையாள் தூணை விட்டு முன்னால் வந்தாள். "இலைக்கு இலை நின்றால் வேகம் போய்விடுமே. நடுவில் இருப்பதெல்லாம் வெறும் வழி என்று ராயர்தான் சபையில் சொன்னார். நான் வேகத்தைப் பழித்து ஒரு வார்த்தை பேசவில்லை."

"நான் பேசிவிட்டேன்" என்றான் ராஜா.

அவன் இரு பக்கமும் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம் காலி இலைகள். தலை குனிந்த குடியானவர்கள். பக்கத்தில் இருந்தவரிடம், "உங்கள் இலையும் காலிதானே? நீங்கள் ஏனய்யா சத்தம் போடவில்லை?" என்றான்.

"எங்களுக்குப் பழக்கந்தான், ராசா."

ராஜா தன் காலி இலையைப் பார்த்தான். பிறகு, "மாசிலாமணியை விடுங்கள்" என்றான். "முதலில் ஓடங்களைச் செப்பனிடுங்கள். புயல்தேர் அப்புறம் வரட்டும். ஆனால் பணம் கொடுக்கிற ஊரில் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போகட்டும். ராயரே, அந்தச் சோற்றுக் குண்டானைத் தூக்கும். ஒவ்வோர் இலையிலும் குனிந்து பரிமாறும். ஒன்றைத் தாண்டினாலும் தெரியும்."

பட்டு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ராயர் குனிந்தார். சம்பந்தி சத்தமில்லாமல் இலையை மடித்தார்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி உமையாளிடம் நீட்டினான். "உனக்குப் பயமாக இல்லையா?"

"இருந்தது, அரசே. இன்னும் இருக்கிறது."

"இன்னுமா? எதற்கு?"

"இன்றைக்குத் தாங்கள் பசியோடு இருந்தீர்கள், புரிந்துவிட்டது. வயிறு நிறைந்த நாளில் யார் வந்து சொல்வார்கள், வாய் திறந்தவனைப் புதைக்கிற ஆணை அப்படியே இருக்கும்போது?"

குண்டானோடு ராயர் நடு இலைக்கு வந்து சேர்ந்திருந்தார். ராஜா இலைக்குக் குறுக்கே கையை நீட்டி மறித்தான்.

"ஆணை ரத்து என்று முரசறையுங்கள். அந்தக் குழியையும் மூடிவிட்டு வாருங்கள். அதுவரைக்கும் இங்கே பரிமாற வேண்டாம்."