அசல் வெயிலுமுத்துவின் ஆட்டுக்காது

முதலில் கெடுத்தவன் சுடலைக்கண்ணுதான். இதில் ஓட்டைக்குளத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, சுடலைக்கண்ணு உட்பட.

அந்த ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வெட்டுகிற கிடாயின் தலை வெயிலுமுத்து வீட்டுக்குத்தான் போகும். அவருடைய தாத்தா காலத்திலிருந்து நடக்கிற மரியாதை அது. போன கொடையில் தலையைச் சுமந்துகொண்டு வந்தவன் சுடலைக்கண்ணு. வெயிலுமுத்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு காதைக் காணோம்.

"காது எங்கலே?"

"வழியில பசிச்சுது அண்ணாச்சி, சுட்டுத் தின்னுட்டேன். தலையைத்தான கொடுக்கச் சொன்னாக? காதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."

அன்றைக்கு நின்றது இரண்டு பேருக்கும் பேச்சு.

இந்த வருஷம் வெயிலுமுத்துவின் கொல்லையில் சோளம் நன்றாக விளைந்திருந்தது. கிளிகளும் அதையே நினைத்தன. ஒரு நாள் காலையில் சுடலைக்கண்ணு வரப்பில் நின்றுகொண்டு தன் மாட்டிடம் சத்தமாகச் சொன்னான்: "கொல்லையில ஒரு பொம்மை வச்சா கிளி வராது. ஆனா பொம்மை அந்த ஆளு மாதிரியே இருக்கணும். கொஞ்சம் குறைஞ்சாலும் கிளி கண்டுபிடிச்சிரும்."

மாடு தலையாட்டியது. வெயிலுமுத்து காதில் விழாதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டார்.

வைக்கோலும் பனைமட்டையும் கொண்டு பொம்மை எழும்பியது. கை இரண்டும் நீட்டியபடி இருந்தது. வெயிலுமுத்து தன்னிடம் இருந்த ஒரே சட்டையை அதற்குப் போட்டார். வேட்டியைக் கட்டினார். சிவப்புத் தலைப்பாகையைச் சுற்றி, நெற்றியில் திருநீறும் பூசினார். அவரோ இடுப்பில் ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி மாடத்தி கேட்டாள்: "இன்னொரு வேட்டி இருக்குல்லா, அதை எடுத்துக் கட்டினா என்ன?"

"அதையும் பொம்மைப் பக்கத்துல மடிச்சு வச்சிருக்கேன். எனக்கு ரெண்டு வேட்டி உண்டுன்னு கிளிக்குத் தெரியும்."

கிளிகள் நிஜமாகவே பயந்தன. ஆனால் மத்தியானமானால் வேப்பமரத்தடியில் தூங்குவது வெயிலுமுத்துவின் வழக்கம். அந்த நேரத்தில் பொம்மை மட்டும் விறைத்துக்கொண்டு நின்றால் குட்டு உடைந்துபோகாதா? அதனால் தினமும் மத்தியானம் பொம்மையைப் பிடுங்கி மரத்தடியில் படுக்கவைத்து, முகத்தில் துண்டைப் போட்டு மூடினார். கிளிகள் வந்து நிம்மதியாகச் சோளம் தின்றன. அவை ஏமாறவில்லை என்று சொல்ல முடியாது. வெயிலுமுத்து தூங்குகிறார் என்று முழுக்க நம்பித்தான் தின்றன.

வழியில் போன ஊர்க்காரர்களும் பொம்மைக்குக் கும்பிடு போட்டார்கள். அது பதில் பேசவில்லை. "மனுஷனுக்குக் கோவம் இன்னும் ஆறல" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

கொடை வந்தது. ஊர்த்தலைவர் கொம்பையா, சுடலைக்கண்ணுவைக் கூப்பிட்டு எச்சரித்தார். "இந்தத் தடவை தலையை வெயிலுமுத்து கையிலேயே கொடுக்கணும். போன வருஷத்துக் காதையும் சேர்த்துக் கொடுத்து விவகாரத்தை முடிச்சிரு."

சுடலைக்கண்ணு சொன்னதைச் செய்கிறவன். வேறொரு ஆட்டின் காதை வாங்கி, சாக்குத் தைக்கிற ஊசியால் கிடாத்தலையின் நெற்றியில் வைத்துத் தைத்தான். மூன்று காதுள்ள தலையோடு கொல்லைக்குப் போனான். அங்கே அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்குறதுக்குத் தயாரா நிக்கேளே!" என்று கண் கலங்கித் தலையை அந்தக் கையில் மாட்டினான். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டான். பிறகு திரும்பிப் பார்க்காமல் போனான். அவன் பின்னால் வந்த நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது.

வீட்டில் மாடத்தி அரைத்துவைத்த மசாலா காய்ந்துபோயிற்று. பொறுத்துப் பார்த்த வெயிலுமுத்து கட்டிய சாக்கோடு கோயிலுக்கு ஓடினார்.

"ஏலே சுடலைக்கண்ணு! எனக்குச் சேரவேண்டிய தலை எங்கலே?"

கூட்டம் அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"நீரு யாருவே?" என்றார் கொம்பையா.

"வெயிலுமுத்து!"

"அவரு கொல்லையில நிக்காரு. இப்பதான் கொடுத்துட்டு வாரேன்" என்றான் சுடலைக்கண்ணு. "இது வேஷம்."

"வேஷம்னா மூஞ்சியில சாயம் வேணும்லா? இவரு மூஞ்சியில ஒண்ணும் இல்லையே" என்றார் கொம்பையா.

"அப்ப பாசாங்கு."

"முழிச்சுக்கிட்டே தூங்குறவன் மாதிரி கிடந்தா பாசாங்கு. இவரு நிக்காரு."

"பம்மாத்து?"

"சாக்கைக் கட்டிக்கிட்டு எவன்வே பம்மாத்து பண்ணுவான்? அதுக்கு நல்ல சட்டை வேணும்." கொம்பையா ஒருமுறை டவுனுக்குப் போய்வந்தவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "டவுன்ல இதுக்கு டூப்ளிகேட்னு பேரு. அசல் மாதிரியே இருக்கும், விலை மட்டும் கம்மி."

எல்லோரும் சாக்கைப் பார்த்தார்கள். விலை கம்மிதான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

பொம்மையை, கையில் மாட்டிய தலையோடு தூக்கிவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். சுடலைக்கண்ணு முன்னால் வந்தான். "வெயிலுமுத்து அண்ணாச்சி என்கிட்ட பேசமாட்டாரு. இந்த ஆளு வந்ததும் வராததுமா என்கிட்டதான் பேசினாரு. அவரைப் பாருங்க, வாயே திறக்கல."

வெயிலுமுத்துவுக்கே அது நியாயமாகப் பட்டது. கோபத்தில் பேசித் தொலைத்துவிட்டோமே என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இப்போது இரண்டு பேரும் பேசவில்லை. வழக்கு இன்னும் சிக்கலாயிற்று.

மாடத்தியைக் கூப்பிட்டார்கள். "இதுல எதும்மா உன் புருஷன்?"

அவள் நெடுநேரம் பார்த்துவிட்டுப் பொம்மையைக் காட்டினாள். "இது என் புருஷன் சட்டை. நான் துவைச்சதுதான்."

"சட்டை சரி. ஆளு?"

"ஆளை நான் துவைக்கலையே, எப்படித் தெரியும்?"

அந்த நேரம் பார்த்து ஒரு கிளி பறந்து வந்தது. பொம்மையைக் கண்டதும் கீச்சென்று கத்தித் திரும்பியது. நேரே வெயிலுமுத்துவின் தலையில் போய் உட்கார்ந்து சிறகைக் கோதியது.

"போதும்" என்றார் கொம்பையா. "தினமும் பார்த்துப் பழகின கிளி. அதுக்குத் தெரியாதா?"

பொம்மைக்கு ஊர்த்தலைவர் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்தார்கள். வெயிலுமுத்துவைக் கொல்லையில் கொண்டுபோய் நிறுத்த உத்தரவாயிற்று. அவர் மறுத்துப் பேசியிருப்பார். ஆனால் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன் சுடலைக்கண்ணு. அவனோடு எப்படிப் பேசுவது?

இன்றைக்கும் அவர் கொல்லையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கிளிக்காக இல்லை, காதுக்காக.

கோயிலில் உட்கார்ந்திருக்கும் பொம்மை, சுடலைக்கண்ணுவை இதுவரை மன்னிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வெயிலுமுத்துவுக்கு அதன்மேல் மரியாதை உண்டு. மற்றபடி அதோடும் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்று காதையும் வாங்கிக்கொண்டு, அவருக்கு ஒன்றைக்கூடக் கொடுத்தனுப்பவில்லையே அது!