தண்ணீர்க் கோடு

“எந்த ஏர்பிரஷ் வாங்கட்டும்? எந்தக் கம்ப்ரசர்?” என்று கேட்டார் கஸ்பார்.

கேட்ட இடம் தூத்துக்குடியில் ஒரு தகரக் கொட்டகை. பைக் டேங்குகளிலும் ஹெல்மெட்டுகளிலும், கம்ப்ரசர் காற்றால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷில் படம் தீட்டும் இசக்கியம்மாளின் பட்டறை. அவளுக்கு வயது முப்பத்திரண்டு. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்ற கஸ்பாருக்கு அறுபத்து மூன்று.

அவர் கையில் ஒரு நோட்டு, மடியில் ஒரு பெட்டி. அதற்குள் அதே இழுவைப் படகு, முழ நீளத்தில். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி ஒன்றரை வருடமாகச் செய்தது. வண்ணம் மட்டும்தான் பாக்கி.

“நோட்டுல என்ன, அண்ணாச்சி?”

“பதினோரு ஏர்பிரஷ் பேரு. ஒண்ணொண்ணா அடிச்சுக் கழிச்சு, இப்ப ரெண்டுல நிக்கேன்.”

“எத்தனை நாளா நிக்கிய?”

“ஏழு மாசம்.”

இசக்கியம்மாள் தன் ஏர்பிரஷின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். கரும்பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்தாள்.

“கோடு போடுங்க.”

கோடு வழிந்தது.

“பெயிண்ட் ஊத்தலையா?” என்றார்.

“தண்ணியே வழியுது.”

கோடு காய்ந்து மறைந்தது. அவர் மறுபடி போட்டார். அதுவும் வழிந்தது.

மாலையில் அவள் கம்ப்ரசரின் அடியிலிருந்த திருகைத் திறந்தாள். இரண்டு கரண்டி தண்ணீர் கொட்டியது.

“இதுக்குள்ள தண்ணி யாரு ஊத்துனா?”

“கடல்காத்துல வாறது. எந்தக் கம்ப்ரசர்னாலும் தினம் வடிக்கணும். இல்லைன்னா பெயிண்டோட சேந்து துப்பும். நாளையிலருந்து அது உங்க வேலை.”

மறுநாளும் தண்ணீர்தான்.

“பாடம் எப்ப முடியும், வாத்தியாரம்மா?”

“கோடு காயட்டும்.”

நான்காம் நாள் கோடு வழியவில்லை.

ஐந்தாம் நாள் அவள் பெட்டியைத் திறந்து, படகை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கஸ்பார் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஒரு தடவை கெட்டியா விழுந்தா பொடிப்பொடியா ஒட்டி வச்ச ஆணித்தலை எல்லாம் மூடிரும். சுரண்டவும் முடியாது. ஒன்றரை வருசம், தாயி. நல்ல ஏர்பிரஷா வரட்டும்.”

“தண்ணிதான. அடிங்க.”

அடித்தார். ஒரு சொட்டுகூட வழியவில்லை.

அவள் படகைத் துணியால் ஒற்றிக் காயவைத்தாள். கிண்ணத்தில் சாம்பல் நிறப் பெயிண்டை ஊற்றினாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு ஹெல்மெட்டைத் தேய்க்கத் தொடங்கினாள்.

கஸ்பார் சற்று நேரம் அந்த முதுகையே பார்த்தார். பிறகு விசையை அழுத்தினார்.

படகு சாம்பலானது. ஆணித்தலை ஒவ்வொன்றும் தெரிந்தது.

ஏர்பிரஷைக் கழற்றிக் கழுவினார். அதன் உள்ளிருந்த ஊசியைத் துடைத்தார். கம்ப்ரசரின் திருகைத் திறந்து தண்ணீரை வடித்தார். அதற்குப் பிறகுதான் நோட்டு ஞாபகம் வந்தது.

“இது என்ன கம்பெனி?”

“அஞ்சு நாளா உங்க கையிலதான இருக்கு?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பிடியில் தேய்ந்திருந்த எழுத்தைப் படித்தார். நோட்டைப் புரட்டினார்.

முதல் பக்கத்தில் முதல் பெயரே அதுதான். சிவப்பு மையில் இரண்டு முறை அடித்திருந்தது. பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே காரணம்:

‘வழியும்.’