கஸ்பார் வீட்டு மீன்குழம்பு

விசைப்படகு முதலாளி கஸ்பாருக்கு வலையைவிட வாய் அகலம். சின்னக் கண் வலை போட்டுக் குஞ்சு மீனை அள்ளுகிறார் என்று புகார் போக, மீன்வளத்துறை அதிகாரி விசாரிக்க வந்தார்.

"என் வலையில குஞ்சே படாது சார். மதியம் என் படகு மீனையே சாப்பிட்டுப் பாருங்க!" என்றார் கஸ்பார்.

அடுக்களைக்குள் போனதும் சமையல்காரி மிக்கேலம்மாளிடம் குரலைத் தாழ்த்தினார். "நம்ம படகு மீனைத்தான் சமைக்கணும். வெளியே வாங்கினா ஊரே சிரிக்கும். ஆனா குழம்புல ஒரு குஞ்சு கிடந்தாலும் உனக்கு வேலை கிடையாது."

கூடையில் விரல் நீளத்துக்கு மேல் ஒரு மீனும் இல்லை. "சரிங்க முதலாளி" என்றாள்.

இலையில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. அதிகாரி துழாவினார். மாங்காய்தான் வந்தது.

"மீன் எங்க?" என்று கத்தினார் கஸ்பார்.

"குஞ்சு ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டேன் முதலாளி. மிச்சம் இதுதான்."

அதிகாரி சிரிக்கவில்லை. "சாப்பிட்டதும் வலையைப் பார்ப்போம்" என்றவர், இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். "மீனே இல்லாம இவ்வளவு ருசியா வைக்க எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?"

"எங்க வீட்டுலதான் சார். முதலாளி படகு அரிச்சிட்டுப் போன கடல்லதான் என் புருஷன் வலை போடுறாரு."