ஒன்ஸ்மோர் கேட்ட வீடு

குருவிக்குறிச்சியில் யாரிடமும் வழி கேட்காதீர்கள். வழி தெரியாதவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. வழி சொன்னதோடு விடாமல் கூடவே வந்து, உங்களோடு சேர்ந்து அவர்களும் தொலைந்துபோவார்கள். அவ்வளவு நல்ல மனசு. அந்த ஊரில் புத்தியைத் தவிர எல்லாம் நன்றாக விளையும். கரும்பு விளையும், மரவள்ளி விளையும், ரசிகர் மன்றமும் விளையும்.

மன்றம் நடிகர் அனல்வேந்தனுக்கு. அதில் மொத்தம் மூன்றே பேர். பூவராகன் செயலாளர், சிகாமணி துணைச் செயலாளர், கோதண்டம் பொருளாளர். சாதா உறுப்பினர் என்று யாரும் கிடையாது. தலைவர் என்ற சொல் அனல்வேந்தன் ஒருவருக்கே சொந்தம் என்பதால் அந்தப் பதவிக்கு ஊரில் ஆள் போடவில்லை.

பூவராகன் பஞ்சர் கடை வைத்திருந்தான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையே என்று அவன் நினைத்ததும் இல்லை, நினைப்பதற்குத்தான் தலைவர் இருந்தாரே. தலைவர் ஏதோ ஒரு படத்தில், "என் ரசிகன் எவனுக்கும் தலை குனியமாட்டான்" என்று வசனம் பேசிவிட்டார். அன்றிலிருந்து பூவராகன் குனிவதில்லை. ஊரிலுள்ள நிலைப்படி ஒவ்வொன்றும் அவன் நெற்றியை அறியும். பஞ்சர் ஒட்டுவதென்றாலும் சைக்கிளை மேஜைமேல் ஏற்றிவைத்துத்தான் ஒட்டுவான். தலைவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைக்கூட அவன் இதுவரை மீறியதில்லை. அவனிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பெருமைதான்.

அந்தப் பெருமைக்குத்தான் ஆபத்து வந்தது. தலைவரின் புதுப்படம் டவுன் தியேட்டருக்கும் வீட்டு டிவிக்கும் ஒரே நாளில் வருவதாக அறிவித்தார்கள். டிவிக்காரர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, தலைவர் செல்போனில் தோன்றிக் கைகூப்பினார். "என் உயிரினும் மேலான ரசிகர்களே! இந்தப் படத்தை உங்கள் வீட்டிலேயே, குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள்!"

பஞ்சர் கடையில் அவசரக் கூட்டம் கூடியது.

"வீட்டிலேயேன்னுட்டாரு. அப்ப தியேட்டர் பக்கமே போவக்கூடாது" என்றான் சிகாமணி.

"வீடு இருக்கு. உக்காரவும் தெரியும்" என்றான் கோதண்டம். "குடும்பத்துக்கு எங்கண்ணே போறது?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றும் கல்யாணமாகாத முகங்கள்.

"யாருதையாவது கேட்டு வாங்கலாமா? மூணு மணி நேரம்தானே, பத்திரமா திருப்பிக் குடுத்துடுவோம்" என்றான் சிகாமணி.

"இரவல் குடும்பத்த வச்சித் தலைவர ஏமாத்தச் சொல்றியாடா?" பூவராகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாக்கலன்னா துரோகம். குடும்பமில்லாம பாத்தா அதவிடத் துரோகம்."

கோதண்டம் நெடுநேரம் யோசித்தான். அவன் யோசித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே தலைவலிக்கும். கடைசியில் சொன்னான்: "மூணு பேரும் கட்ட வேணாம்ண்ணே. ஒருத்தர் கட்டினாப் போதும். மத்த ரெண்டு பேரும் கொழுந்தன்."

இப்படியொரு அறிவு தங்களிடம் இத்தனை நாள் சும்மா கிடந்ததே என்று மற்ற இருவரும் வியந்தார்கள். யார் கட்டுவது என்ற கேள்வி வந்தபோது இருவரும் பூவராகனைப் பார்த்தார்கள். பதவியில் இருப்பவன்தானே பொறுப்பைச் சுமக்கவேண்டும். படம் வருவதற்குள் கட்டியாக வேண்டும்.

அடுத்த தெருவில் செங்கமலம் தையல் கடை வைத்திருந்தாள். முப்பத்தைந்து வயது, தனிக்கட்டை. தைத்த காசில் பெரிய டிவி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தாள். அவளைப் பெண் கேட்டுப் போவதென்று மன்றம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. அவள் வீட்டு நிலைப்படி தணிவு. பூவராகன் உள்ளே வந்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

வழக்கமாகப் பெண் பார்க்கப் போகிறவர்கள் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். சிகாமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பொண்ணுக்கு விசில் அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டான்.

செங்கமலம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் விட்டாள். எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பூவராகனுக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. நெற்றியில் அடிபட்டதால் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டான்.

"ஒரே ஊர்ல இத்தன வருசமா பஞ்சர் ஒட்டுறீங்க. இப்ப என்ன திடீர்னு கல்யாணம்?" என்று அவள் நேராகவே கேட்டாள்.

"படம் பாக்கணும். தலைவர் குடும்பத்தோட பாக்கச் சொல்லிட்டாரு."

செங்கமலம் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடி என்னைப் பாக்க வந்தவங்கல்லாம் குணம்தான் முக்கியம்னு சொல்லிக்கிட்டே கழுத்துல எத்தன பவுன் கெடக்குதுன்னு பாத்தாங்க. நீங்க படத்துக்குன்னு வந்தீங்க, படத்துக்குன்னே சொல்றீங்க. சரி, கட்டிக்கிறேன்" என்றாள்.

படம் வருகிற அன்று காலையில் பெருமாள் கோயிலில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை குனியமாட்டான் என்பதால் மணப்பெண் தையல் மிஷின் முக்காலிமேல் ஏறி நின்று தாலி வாங்கிக்கொண்டாள். தியேட்டர் வாசலுக்கென்று செய்துவைத்திருந்த தலைவரின் கட்டவுட்டைப் பூவராகன் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். வீடு தலைவரின் முழங்கால் உயரம்கூட இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் போவதென்றாலும் வருவதென்றாலும் தலைவரின் இரண்டு காலுக்கும் நடுவில்தான்.

சாயங்காலம் படத்தைப் போட்டாள் செங்கமலம். டிவியை அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருந்ததால் சிகாமணி தன்னையும் கோதண்டத்தையும் நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டான். இருவரும் தலைவரைக் கண்டால் எழுந்து ஆடிவிடுவார்கள் என்பது அவர்களுக்கே தெரியும்.

திரையில் முதலில் ஒரு கேள்வி வந்தது: யார் பார்க்கிறீர்கள்?

மூன்று பேருக்கும் புல்லரித்துவிட்டது. தியேட்டரில் இத்தனை வருஷம் பார்த்தும் நாய்கூட யாரென்று கேட்டதில்லை. வரிசையாக டிவியைப் பார்த்துத் தங்கள் பெயர், தகப்பனார் பெயர், மன்றப் பதவி எல்லாவற்றையும் உரக்கச் சொன்னார்கள். செங்கமலம் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினாள். "ஏத்துக்கிட்டாங்க" என்றான் கோதண்டம்.

படம் ஆரம்பித்தது. மேகம் விலகியது, மலை உச்சி தெரிந்தது, முதலில் செருப்பு தெரிந்தது. தலைவரின் அறிமுகக் காட்சி! அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் எழுத்து வந்தது: அறிமுகத்தைத் தவிர்க்கவும்.

"எதிரிங்க சதி" என்றான் சிகாமணி.

"தலைவர் படத்துக்குள்ள எதிரி எப்படிடா எழுதுவான்?" என்றான் பூவராகன். "தலைவரேதான் சொல்றாரு. பெருந்தன்மை. தவிர்த்துடுவோம்."

மூவரும் கண்களை இறுக மூடிக்கொண்டார்கள். மூடிய கண்ணோடு விசில் அடித்தார்கள், காகிதம் கிழித்து எறிந்தார்கள், கற்பூரம் கொளுத்திக் கோதண்டத்தின் வேட்டியில் போட்டார்கள். "என்ன ஆவுது அண்ணி?" என்று இருட்டுக்குள்ளிருந்து சிகாமணி கேட்டான். "மலையிலேருந்து குதிச்சி, மறுபடியும் மலைக்கே ஏறுறாரு" என்று செங்கமலம் சொல்லிக்கொண்டே வேட்டியை அணைத்தாள்.

அப்புறம் முதல் பாட்டு வந்தது. மஞ்சள் சட்டையில் தலைவர் கரும்புக் காட்டில் ஆடினார். பாட்டு முடிந்ததும் பழக்கதோஷத்தில் மூவரும் "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள்.

டவுன் தியேட்டரில் அவர்கள் கத்தாத நாளில்லை. ஆபரேட்டர் ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இங்கே செங்கமலம் ரிமோட்டை அழுத்தினாள். பாட்டு முதலிலிருந்து ஓடியது.

பூவராகன் வாய்விட்டு அழுதான். பிறந்ததிலிருந்து அவன் சொன்னதை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. தியேட்டர் எல்லாம் என்ன தியேட்டர், வீடுதான் தியேட்டர் என்று அவனுக்குத் தோன்றியது. பாட்டு முடிந்ததும், நன்றியோடு, "ஒன்ஸ்மோர்!" என்றான்.

சிக்கல் அங்கேதான் முளைத்தது. ஒன்ஸ்மோர் கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தபிறகு கேட்காமல் இருப்பது எப்படி? தலைவர் பாட்டு போதும் என்று முதலில் நினைப்பவன் எவன்? பாட்டு முடியும்போதெல்லாம் மூவரும் ஓரக்கண்ணால் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வாயும் சேர்ந்தே திறந்தன. விடிந்தது, பொழுது போனது, மறுபடியும் விடிந்தது. தலைவர் கரும்புக் காட்டைவிட்டு வெளியே வரவில்லை.

செங்கமலம் ரிமோட்டைக் கோதண்டத்திடம் கொடுத்துவிட்டுத் தையல் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோதும் அதே மஞ்சள் சட்டை. சமைத்துப் போட்டாள். மாவு அரைத்தாள். அதே மஞ்சள் சட்டை.

"கொஞ்சம் மேல போவ விடுங்களேன். அந்தப் பொண்ண அவரு கட்டிக்கிறாரா இல்லையான்னாவது தெரியட்டும்" என்றாள்.

"தாராளமா போவலாம் அண்ணி" என்றான் சிகாமணி, தொண்டை கட்டிய குரலில். "யாராவது ஒன்ஸ்மோர் சொல்லாம இருந்தாப் போதும். யாருன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பூவராகனுக்கும் அந்த ஆசை இருந்தது. முடிவு என்ன என்று தெரிந்துகொள்ளாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருமுறை பாட்டு முடிந்தபோது, எது வந்தாலும் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டே இருந்தான். இரண்டு கொழுந்தன்களும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை தாங்காமல் பூவராகன் மூன்று ஒன்ஸ்மோரைச் சேர்த்துக் கத்தினான்.

பொறுத்துப் பார்த்த செங்கமலம், ஒருநாள் மத்தியானம் தையல் கடையைப் பூட்டிவிட்டு டவுன் தியேட்டருக்கே போய்விட்டாள். சாயங்காலம் திரும்பியபோது கையில் பாதி பாப்கார்ன் பொட்டலம் இருந்தது. மூக்கு சிவந்திருந்தது. தலைவரின் காலுக்கு நடுவே நுழைந்து வந்து, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, மனச தேத்திக்குங்க. கடைசியில உங்க தலைவர் செத்துடுறாரு."

கோதண்டம் கையிலிருந்து ரிமோட் விழுந்தது.

"எப்படி?" என்றான் கோதண்டம்.

"குண்டு பட்டு. தங்கச்சி மடியில."

"நல்லாப் பாத்தியா?" என்றான் பூவராகன்.

"மூணாவது வரிசையில உக்காந்து பாத்தேன். கண்ணு ரெண்டையும் மூடி, மாலையே போட்டுட்டாங்க."

பூவராகன் டிவியைப் பார்த்தான். தலைவர் மஞ்சள் சட்டையில், கரும்புக் காட்டில், கல்லுக்குண்டு மாதிரி ஆடிக்கொண்டிருந்தார். ஒரு காய்ச்சல் தலைவலிகூட இல்லை.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. தியேட்டருக்குப் போனவர்கள் மூன்று மணி நேரத்தில் தலைவரைக் கொன்றுவிட்டார்கள். இந்த வீட்டில் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். ஒன்ஸ்மோர்தான் அவரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தோமே, நம் கையாலேயே அல்லவா அவர் கதை முடிந்திருக்கும் என்று நினைத்து அவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது.

பாட்டு முடியப் போனது. "ஒன்ஸ்மோர்!" என்று வீடே அதிரக் கத்தினான். "டேய் கோதண்டம், நீ இங்கயே இருந்து சொல்லிக்கிட்டிரு. தண்ணி குடிக்கக்கூட வாய மூடாத. சிகாமணி, கெளம்பு. செங்கமலம், நீதான் சாட்சி, நீயும் வா."

டவுன் போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அன்றுதான் புதிதாக வந்து பொறுப்பேற்றிருந்தார். குருவிக்குறிச்சி எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. நெற்றி வீங்கிய ஒருவன் ஸ்டேஷன் நிலைப்படியில் இடித்துக்கொண்டு உள்ளே வந்து, நிமிர்ந்த தலையோடு, "கொலை சார்" என்றதும் அவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"எங்கய்யா?"

"உங்க டவுன் தியேட்டர்லதான் சார். துப்பாக்கியால சுட்டுட்டாங்க."

"யார் பாத்தது?"

"நான் பாத்தேன் சார்" என்றாள் செங்கமலம். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்ததால் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

"கூட வேற யாராச்சும் இருந்தாங்களாம்மா?"

"முந்நூறு பேர் இருந்திருக்காங்க சார்!" பூவராகனுக்கு ஆத்திரம் பொங்கியது. "டிக்கெட் வாங்கிட்டு, ஏசி போட்டுக்கிட்டு, பாப்கார்ன் தின்னுக்கிட்டே பாத்திருக்காங்க. ஒருத்தன் எழுந்திருச்சித் தடுக்கல. அவரோட ரசிகனுங்க சார் அத்தன பேரும்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். ஜீப்பை எடுக்கச் சொல்லி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எத்தன மணிக்கு நடந்துச்சு?"

"இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சார். காலையில ஒருதடவ முடிச்சிருக்காங்க. இனிமே ஆறரை மணி ஆட்டத்துலயும் பண்ணுவாங்க, அப்புறம் பத்து மணிக்கும் பண்ணுவாங்க."

"ஒரே ஆளையா?"

"ஒரே ஆளுதான் சார்."

"தினமும் நாலு தடவையா கொல்றாங்க?"

"ஆமா சார்" என்றான் பூவராகன். பக்கத்திலிருந்த சிகாமணி, புகாரில் தப்பு வந்துவிடக்கூடாதே என்று மரியாதையாகக் கையை உயர்த்தினான்.

"ஞாயித்துக்கெழம அஞ்சு சார்."